ராமநாதன் மாமாவுக்கு அரைக் கார்டு

வேலையை விட்டு ஓடுகிறவன் நடந்துதான் ஓட வேண்டும். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் "கஹாங் ஜானா ஹை?" என்று கேட்பார். எங்கே போகிறோம் என்று தெரிந்திருந்தால் நாம் ஏன் ஓடுகிறோம்? ரயிலில் ஏறினால் தெரிந்த முகம் ஒன்று கட்டாயம் இருக்கும், "என்னடே, இந்நேரத்துல?" என்று மணியைப் பார்க்கும். நடையில் இந்தத் தொல்லைகள் கிடையாது. பத்து வேலைகளை விட்டு ஓடியவன் என்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

பதினொன்றாவது வேலையை விட்டு ஓடிய அந்தத் திங்கட்கிழமை, உச்சி வெயிலில், பம்பாயில் சுன்னாபட்டியைத் தாண்டி சயானை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். காலில் செருப்பு இல்லை. (சர்வர் அறைக்குள் தூசி போகக் கூடாது என்று வாசலில் கழற்றி வைத்தது. உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் செருப்புக்காகவா திரும்பிப் போவான்?) சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா. அக்கா. மேடம். மறுபடியும் அக்கா. பிறகு ராமநாதன் மாமா. மாமாவின் பெயரைப் பார்த்ததும் என் நடை இன்னும் வேகமானது. ஏனென்றால், நடந்த கூத்துக்கெல்லாம் காரணம் அவர்மேல் நான் வைத்திருந்த மரியாதைதான்.

அந்த வேலைக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருந்த உறவு முறிந்தது. தப்பு யார்மேல் என்று இன்னும் பேசித் தீரவில்லை. பிறகு சூரத்தில் சேலைக் கட்டு தூக்கினேன், ஸ்டேஷனில் தூங்கினேன். கோவாவில் ஒரு ஹோட்டலில் தட்டு கழுவினேன். மழைக்காலத்தில் ஹோட்டலை மூடியபோது என்னையும் சேர்த்து மூடினார்கள். புனேயில் கேபிள் இழுத்தேன். நடு நடுவே தாராவிக்கு வந்து, பழைய கம்ப்யூட்டர்களை உடைத்துத் தாமிரம் தனி, பிளாஸ்டிக் தனி என்று பிரிக்கும் பட்டறையில் உட்காருவேன். ஆயிரம் கம்ப்யூட்டரைக் கொன்றவன் அரைக் கம்ப்யூட்டர் வைத்தியன். உடைத்து உடைத்துக் கடைசியில் சேர்க்கவும் வந்துவிட்டது. மிச்சத்தைப் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

என் அக்கா ஸ்டெல்லா செம்பூரில் ஒரு கட்டட வடிவமைப்பு ஆபீசில் ஏழு வருஷமாக வேலை பார்த்தாள். இனிமேல் கட்டப்போகிற வீட்டைக் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கட்டிக் காட்டுகிற வேலை. (தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அத்தான், இரண்டு பிள்ளைகள், பரண்மேல் நான் என்று குடியிருந்துகொண்டு, பகலெல்லாம் அவள் மூன்று படுக்கையறை வீடு கட்டினாள்.) ஆபீசில் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்றதும் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

முதலாளி மாலதி மேடம் தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். என் பழைய வேலைகளின் பட்டியலைப் படித்துவிட்டு, "இது பயோடேட்டா மாதிரி இல்லையே, ரயில்வே டைம்டேபிள் மாதிரி இருக்கே" என்றார்.

"ஓட மாட்டான் மேடம். ஓடினா நான் பொறுப்பு" என்றாள் அக்கா.

அந்த ஆபீசில் யார் மேஜையிலும் கம்ப்யூட்டர் கிடையாது. திரை, கீபோர்டு, டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். எல்லோருடைய கம்ப்யூட்டரும் உள்ளே ஒரு குளிர்ந்த அறையில், ஒரே ஒரு பெரிய சர்வருக்குள் ஒண்டுக் குடித்தனம் நடத்தின. தனித்தனி மெஷின் என்று பெயர், உடம்பு ஒன்று. மழையில் ரயில் நின்றுபோனால் தூரத்து டோம்பிவிலியில் இருப்பவர்கள் வீட்டிலிருந்தபடியே தங்கள் மெஷினைத் திறந்து வேலை பார்க்கலாம் என்பதற்காக மேடம் செய்த ஏற்பாடு.

அந்தச் சர்வருக்குள் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள். திரையில் வீடு, மரம், வெளிச்சம், நிழல் எல்லாவற்றையும் வரைந்து தள்ளுவது அவைதான். ஒரு கார்டை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். துண்டு போட்டுப் பலருக்குக் கொடுக்கலாம். அல்லது முழுசாக ஒருவருக்கே எழுதிக் கொடுத்துவிடலாம். எழுதிக் கொடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்தக் கார்டு இருப்பதாகவே தெரியாது.

துண்டு போடுவதில் ஒரு சட்டம் உண்டு. அதைப் படித்ததும் எனக்குச் சட்டென்று புரிந்தது. சின்ன அறையில் பல பேர் படுத்து வளர்ந்தவனுக்கு அதெல்லாம் புரியும். ஒரு கார்டில் முதலில் பாய் விரிக்கிறவன் எந்த அளவில் விரிக்கிறானோ, அதே அளவுப் பாய்தான் அந்தக் கார்டில் மற்றவர்களும் விரிக்க வேண்டும். முதலில் வந்தவன் பாதி அறைக்கு விரித்துவிட்டால், அப்புறம் இன்னொரு பாதிக்கு ஒருத்தனுக்குத்தான் இடம். எட்டில் ஒரு பங்கு போதும், ஓரமாகப் படுத்துக்கொள்கிறேன் என்று காலில் விழுந்தாலும் உள்ளே விடாது. வந்தவன் தூங்கினாலும் தூங்காவிட்டாலும் அவன் இடம் அவனுக்குத்தான். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி.

சேர்ந்த வாரமே பங்கு பிரித்தேன். வரைகிறவர்கள் அக்காவோடு சேர்த்து எட்டுப் பேர். முதல் கார்டில் எட்டுத் துண்டு, ஆளுக்கு ஒன்று. இரண்டாவது கார்டை இரண்டே துண்டாக்கி, பாதியை மேடத்துக்கும் பாதியை ராமநாதன் மாமாவுக்கும் கொடுத்தேன்.

ராமநாதன் மாமா யார் என்றால், மேடத்தின் அப்பாவுக்குச் சிநேகிதர். பாலக்காட்டுக் குடும்பம், மூன்று தலைமுறையாக மாட்டுங்கா. எங்கேயோ பெரிய ஆபீசில் இருந்து ஓய்வு பெற்று, கட்டட அனுமதிக்காக மாநகராட்சிக்கு எழுத வேண்டிய கடிதங்களை இங்கே எழுதிக்கொண்டிருந்தார். காலையில் உட்கார்ந்து, நெற்றி விபூதி கலையாமல், ஒற்றை விரலால் 'ரெஸ்பெக்டட் சார்' என்று தட்டுவார். மத்தியானத்துக்குள் இரண்டாவது பாரா வந்துவிடும். அதைத் தவிர அவருடைய மெஷினுக்கு வேறு வேலை கிடையாது. கிராபிக்ஸ் கார்டுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு, விமானத்துக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் உள்ள தொடர்பு.

ஆனால் ஆபீசிலேயே வயதில் மூத்தவர். பந்தியில் பெரியவருக்கு இலை போட்ட பிறகுதானே மற்றவர்களுக்கு? அவருக்குப் போய் எட்டில் ஒரு பங்கு கொடுக்க என் கை வரவில்லை.

"எனக்கு எத்தனைடா அம்பி?" என்று ஒருநாள் கேட்டார்.

"அரைக் கார்டு மாமா."

"மத்தவாளுக்கு?"

"எட்டுல ஒண்ணு."

மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "முப்பத்தாறு வருஷம் அந்த ஆபீஸ்ல இருந்தேன். ஒரு நல்ல நாற்காலி தரலைடா அவா" என்றார். அடுத்த நாள் மாமி கொடுத்தனுப்பியதாக ஒரு டப்பா நேந்திரங்காய் வறுவல் என் மேஜைமேல் இருந்தது. அந்த வாரத்துக்குள் மாட்டுங்காவில் பாதிப் பேருக்கு, ராமநாதனுக்கு ஆபீசில் அரைக் கார்டு கொடுத்திருக்கிறார்கள் என்ற செய்தி போய்விட்டது. அரைக் கார்டு என்றால் என்ன என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. மாமாவுக்கும்தான்.

அக்கா மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏலே, டைப் அடிக்கதுக்கு எதுக்குலே அவியளுக்கு அரைக் கார்டு?"

"பெரியவங்கக்கா."

"பெரியவியன்னா நாற்காலிய பெருசா போட்டுக் குடு. நாங்க ஒரு மரத்த வச்சா திரை மூச்சு வாங்குது, அங்க அவிய ரெஸ்பெக்டட் சாருக்குப் பாதி சர்வர முழுங்கிட்டு இருக்காவ."

அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இதை எழுதவேண்டியிருக்காது.

ஒன்றரை மாதம் எந்தக் குழப்பமும் இல்லாமல் ஓடியது. அப்போதுதான் திலக் நகர் கட்டடம் வந்தது. அப்போது முப்பத்தாறு குடும்பங்கள் குடியிருந்த பழைய கட்டடம். இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். யாருடைய வடிவமைப்பில் கட்டுவது என்பதைக் குடியிருப்போர் சங்கம் முடிவுசெய்யும். திங்கட்கிழமை பதினொரு மணிக்குச் சங்கத்தின் செயலாளர் ஜோஷியும் பெரியவர்கள் பதினைந்து பேரும் எங்கள் ஆபீசுக்கு வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

அந்தக் கட்டடத்தை அக்கா ஆறு வாரம் உட்கார்ந்து திரைக்குள் கட்டியிருந்தாள். வாசலில் நுழைந்து, லிப்டில் ஏறி, வீட்டுக்குள் போய், சமையலறை ஜன்னல் வழியாகக் கீழே உள்ள மரத்தைப் பார்க்கிற வரைக்கும், நாமே நடந்து போவது போல் காட்டும். ஏழு வருஷமாக அவள் வரைந்ததிலெல்லாம் மூலையில் வேறு யாருடைய பெயரோதான் இருந்தது. இந்த முறை மேடம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "இது கெடைச்சுதுன்னா ஸ்டெல்லாதான் லீட். டிராயிங்ல அவ பேர்தான் வரும்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்த அக்கா சோற்றில் குழம்பை ஊற்றிவிட்டு, சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் என் காதில், "லே, இதுல நீ எதையும் கெடுத்துராத" என்றார்.

சிக்கல் என்னவென்றால், எட்டில் ஒரு பங்கில் அந்தக் கட்டடம் நடக்கவில்லை, நொண்டியது. கதவு பாதி திறந்து நிற்கும். மரம் திடீரென்று இடம் மாறும். ஆகவே நான் ஒரு திட்டம் போட்டேன். முதல் கார்டை முழுசாக அக்காவின் மெஷினுக்கே எழுதிக் கொடுப்பது. மற்ற ஏழு பேரையும் ஒருநாளைக்கு இரண்டாவது கார்டில் எட்டில் ஒரு பங்காகக் குடியேற்றுவது. மேடத்துக்கு அன்று மெஷின் தேவையில்லை. மாமாவுக்கு?

மாமாவின் பங்கை எட்டில் ஒன்றாகக் குறைக்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைக்கவே இல்லை. நேந்திரங்காய் வறுவல் நெஞ்சில் நின்றது. எனவே குறைக்காமல் விட்டுவிட்டு, வேறொரு தந்திரம் செய்தேன். காலை எட்டு மணிக்கே போய் ஏழு பேருடைய மெஷினையும் நானே எழுப்பிவிடுவது. கார்டு எட்டுத் துண்டாகிவிடும். ஒன்பதரைக்கு மாமா வந்து தட்டும்போது அவருடையது எழாது. "ரிப்பேர் மாமா, பேப்பர் படிங்க" என்று சொல்லிவிடலாம். பங்கைக் குறைத்தோம் என்ற பழி வராது. இயந்திரத்தின்மேல் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக ஆபீசுக்குப் போய், கார்டை மாற்றி எழுதினேன். அக்காவும் வந்திருந்தாள். முழுக் கார்டில் அந்தக் கட்டடத்தைப் பார்க்க வேண்டுமே! வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது. அக்கா லிப்டில் ஏறி, வீட்டுக்குள் போய், சமையலறையில் நின்றாள். ரொம்ப நேரம் அந்த ஜன்னலிலேயே நின்றாள். பிறகு, "நல்லாருக்குலே" என்றாள். எங்கள் வீட்டில் பாராட்டு என்பது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சரியாக எட்டு மணிக்கு ஆபீசுக்குள் நுழைந்தேன். ராமநாதன் மாமா உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா... இவ்வளவு சீக்கிரம்?"

"திங்கக்கிழமைடா. ஏழரைலேர்ந்து ஒம்பது ராகு காலம். இன்னிக்கு ஸ்டெல்லாவுக்கு முக்கியமான நாள் இல்லையா? அதான் ஏழு மணிக்கே வந்து, வாட்ச்மேனைத் திறக்கச் சொல்லி, நல்ல நேரத்துல மெஷினைப் போட்டுட்டேன். நீ ஏண்டா இப்போ வந்தே, ராகு காலத்துல?"

நான் சி.எஸ்.ஐ. சர்ச்சில் வளர்ந்தவன். ராகு காலம் திங்கட்கிழமை எப்போது வரும் என்று எனக்கு எந்த வீடியோவிலும் சொல்லித் தரவில்லை.

மாமா பாதி அறைக்குப் பாய் விரித்துவிட்டார். இனி ஏழு பேருக்கு அந்தக் கார்டில் இடமில்லை.

ஒன்பதரைக்கு மேல் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவர் திரையிலும், கிராபிக்ஸ் வளம் போதவில்லை என்று ஒரே அறிவிப்பு. அவர்களுக்கு அன்று சின்ன வேலை இல்லை. முப்பத்தாறு குடும்பத்துக்கும் அவரவர் வீட்டு வரைபடத்தை முடித்து அச்சடித்து, கூட்டம் முடிவதற்குள் விருந்தாளிகள் கையில் கொடுக்க வேண்டும்.

"செல்வின் பாய், கியா லஃப்டா ஹை?" என்று ஒருவர் எட்டிப் பார்த்து, என்ன சிக்கல் என்று என்னைக் கேட்டார்.

"தோ மினிட்" என்றேன். (பம்பாயில் இரண்டு நிமிஷம் என்றால், இதைப் பற்றி இனிமேல்தான் யோசிக்கப்போகிறேன் என்று அர்த்தம்.)

என் திரையில் எல்லோருடைய மெஷின்களும் வரிசையாகத் தெரியும். மாமாவின் பெயருக்குப் பக்கத்தில் 'அணை' என்று ஒரு பொத்தான். ஒரே தட்டு. மூன்று தடவை அதன்மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமா நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டுவது தெரிந்தது. வயதானவர் தூங்கும்போது கட்டிலைத் தட்டிப் பறிக்கிற மாதிரி இருந்தது எனக்கு. எழுந்துபோய் நேரிலேயே கேட்டேன்.

"மாமா, உங்க மெஷினை ஒரு அஞ்சு நிமிஷம் அணைச்சுப் போட்டா..."

"வேண்டாம்டா. நல்ல நேரத்துல ஏத்தின விளக்கு மாதிரி இது. சாயங்காலம் வரைக்கும் அணைக்கப்படாது. எனக்காகவா சொல்றேன்? ஸ்டெல்லாவுக்குத்தான்டா."

அக்காவுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று ஒரு மனிதர் விடிய எழுந்து வந்து அக்காவின் குடியைக் கெடுத்துக்கொண்டிருந்தார். நான் மறுபடியும் சர்வர் அறைக்குப் போய்விட்டேன்.

பதினொரு மணிக்கு விருந்தாளிகள் வந்து கூட்ட அறைக்குள் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் என் மூளையில் அந்தப் பெரிய யோசனை உதித்தது. மேடம் எப்போதும் முதலில் அரைமணி நேரம் பேசுவார். ஆபீசின் வரலாறு, அப்பாவின் வரலாறு, செம்பூரின் வரலாறு. அதுவரை அக்காவின் மெஷின் சும்மாதானே இருக்கும்? முழுக் கார்டை அக்காவிடமிருந்து வாங்கி, பழையபடி எட்டாக்கி, ஏழு பேரையும் எழுப்பி, அச்சடித்து முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். பெரியவரையும் எழுப்ப வேண்டாம், வேலையும் நடக்கும். கூடப்பிறந்தவள்தானே, அவளிடமிருந்து எடுத்தால் என்ன?

அக்காவிடம் சொல்லவில்லை. போன் அடித்தால் கூட்டத்துக்குத் தொந்தரவு என்று நினைத்தேன். அவ்வளவு நாகரிகம் தெரிந்தவன்.

இரண்டு விஷயம் எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒன்று, ஜோஷி உட்கார்ந்ததுமே மேடத்தைப் பார்த்து, "பாஷண் ரஹ்னே தோ மேடம், கர் திகாவோ" என்று சொல்லிவிட்டார். பேச்சு வேண்டாம், வீட்டைக் காட்டுங்கள் என்று. அக்கா காட்ட ஆரம்பித்துவிட்டாள். இரண்டு, எழுதிக் கொடுத்த கார்டைத் திரும்பப் பொதுவுக்கு மாற்றினால் சர்வரே ஒரு தடவை படுத்து எழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் அது படுத்து எழுந்தது. ஆள் இல்லாத ஆபீசில் யார் படுத்தால் யாருக்குத் தெரியும்? நானே மறந்துவிட்டேன்.

மாற்றினேன். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்றேன்.

காற்றாடிகளின் சத்தம் நின்றது. அந்தக் குளிர்ந்த அறையில் மூன்று மாதமாக நான் கேட்டே இராத ஒன்றைக் கேட்டேன்: நிசப்தம். பிறகு கூட்ட அறையிலிருந்து பதினாறு பேர் ஒரே குரலில் "அர்ரே!" என்றார்கள். லிப்டில் ஏறிக்கொண்டிருந்தவர்களாம், ஐந்தாவது மாடிக்குப் போவதற்குள் உலகம் இருண்டுவிட்டது.

அடுத்து, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். "அம்பீ! என் ரெஸ்பெக்டட் சாரைக் காணோமேடா!"

ஒரு பெரியவரின் மெஷினை அணைக்கக் கூடாது என்பதற்காக, அவருடையதையும் சேர்த்து ஆபீசில் இருந்த எல்லா மெஷினையும் அணைத்த ஒரே ஆள் இந்தியாவில் நானாகத்தான் இருப்பேன்.

கூட்ட அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அக்காவின் காலடி. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பின்படிக்கட்டு வழியாக இறங்கினேன்.

தாராவிக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. உள்ளங்கால் கொப்பளித்திருந்தது. வீட்டில் ஆளில்லை. பரணில் ஏறிப் படுத்து, சூரத்துக்கு எந்த ரயிலில் போகலாம் என்று யோசித்தேன். அழுகை வரவில்லை. பத்து வேலையில் வராதது பதினொன்றில் மட்டும் வருமா? ஆனால் சமையலறை ஜன்னலில் அக்கா நின்ற நிற்பு கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஏழு மணிக்கு அக்கா வந்தாள். வந்ததும் பிளாஸ்டிக் பை ஒன்று பரணுக்குப் பறந்து வந்து என் நெஞ்சில் விழுந்தது. என் செருப்பு.

"இறங்குலே கீழ."

இறங்கினேன். அத்தான் முன்னதாகவே பட்டறையிலிருந்து வந்து, பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார். "எத்தன நாளு வேலடே இது?" என்று கேட்டார்.

"தொண்ணூத்தி ரெண்டு."

"பரவால்லயே. இதுவரைக்கும் இதுதாம் ரெக்கார்டு."

"நீங்க சும்மா கெடங்க" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பினாள். "திரை இருண்டதுக்கு எனக்குக் கோவம் இல்லலே. கரண்டு போனா இருளத்தான் செய்யும். உன் ரூமுக்கு வந்து பாக்கேன், ஆளக் காணும், செருப்பு மட்டும் கெடக்கு. ஓட மாட்டான்னு நான் சொன்ன வாக்கு அந்தச் செருப்புப் பக்கத்துல கெடந்துச்சு."

"போச்சாக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

அக்கா சிரிப்பை அடக்குவது போலிருந்தது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் சொன்னாள்.

முழுக் கார்டில் கட்டடம் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போனபோது, பெரியவர்கள் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். ஜோஷிக்குத் தலை சுற்றியது. முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணையே மூடிக்கொண்டுவிட்டார். திரை இருண்டதும் எல்லோரும் போட்ட 'அர்ரே', பாதி ஏமாற்றம், பாதி நிம்மதி. பத்து நிமிஷத்தில் சர்வர் தானாகவே எழுந்துகொண்டது. முதல் கார்டு எட்டுத் துண்டு, இரண்டாவது கார்டு இரண்டு துண்டு, எல்லாம் பழையபடி. ஏழு பேரும் அச்சடிக்க ஆரம்பித்தார்கள். அக்காவுக்குக் கிடைத்தது எட்டில் ஒரு பங்கு. வேறு வழியில்லாமல் அதிலேயே மறுபடி காட்டினாள். கதவு பாதி திறந்து நின்றது. 'போச்சு' என்று அக்கா நினைத்தபோது ஜோஷி கையைத் தட்டினார். "அப் டீக் ஹை! ஐசா ஹி திகாவோ, தீரே தீரே."

இப்போது சரி, இப்படியே மெதுவாகக் காட்டு என்கிறார்.

படம் நின்ற இடத்திலெல்லாம் அவர்களுக்குக் கேள்வி கேட்க நேரம் கிடைத்தது. கதவு எந்தப் பக்கம் திறக்கும்? கட்டில் உள்ளே போகுமா? காஸ் சிலிண்டர் எங்கே? சமையலறையில் படம் முழு நிமிஷம் உறைந்தபோது, கண்ணை மூடியிருந்த அம்மா எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாராம். இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கட்டடத்தில் வர முடியாத வயதானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக்கே வந்து இதே மாதிரி காட்டினால் அதன்பிறகு முடிவு சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள்.

"மாமா கூப்பிட்டாரே... கடுதாசிக்காகவா?" என்றேன்.

"கடுதாசியா? வெயில்ல செருப்பில்லாம போயிருக்கானே, எடுத்தானா, பேசினானான்னு ஆறு தடவ கேட்டாவ. மேடத்துட்ட உனக்காக வக்காலத்து வேற. 'அவன்மேல தப்பில்லே மாலதி, அவன் ராகு காலத்துல உள்ள நுழைஞ்சான், அதான்'ன்னு."

அத்தான் சிரித்த சிரிப்பில் வெளியே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓடிவந்து எட்டிப் பார்த்தன.

சர்வர் வேலை போய்விட்டது. மேடம் அதில் கண்டிப்பாக இருந்தார்; ஓடினதுக்காகவாம், கார்டுக்காக அல்ல. "இன்னொரு வேலை இருக்குன்னு சொன்னாவ" என்றாள் அக்கா. "நாளைக்கு வருவியா?"

"வாரேன்."

"வாரேன்னா வரணும்."

"வாரேங்கா."

அந்தக் கட்டடம் இப்போது ஐந்தாவது மாடிவரை எழும்பிவிட்டது. வரைபடத்தின் மூலையில் ஸ்டெல்லா என்றுதான் இருக்கிறது. ராமநாதன் மாமாவின் மெஷினை எனக்குப் பின்னால் வந்த ஆள் கார்டே இல்லாத இடத்துக்குச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டான். மாமாவுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "எனக்கு அரைக் கார்டு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். (மாட்டுங்காவில் பிறந்தவர், தமிழ் பேச்சோடு சரி, படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.) எங்கள் வீட்டிலோ இது பழமொழியாகவே ஆகிவிட்டது. யாராவது சோற்றைத் தட்டில் குவித்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால், "என்ன, அரைக் கார்டா?" என்பார் அத்தான். நான் எதையாவது மாற்றப் போகிறேன் என்று எழுந்தால், அக்காவின் சின்ன மகள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பாள். "யாரைக் காப்பாத்தப் போற மாமா? மொதல்ல சொல்லு" என்பாள்.

அக்காவிடம் வாரேன் என்று சொன்னதற்கு அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு, மேடம் கொடுத்த லேப்டாப்போடு திலக் நகரில் அந்தப் பழைய கட்டடத்தின் முன்னால் நின்றேன். அதுதான் என் பன்னிரண்டாவது வேலை. ஆபீஸ் சர்வரில், லீவில் இருந்த ஒருவருடைய எட்டில் ஒரு பங்கை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். வீடு வீடாகப் போய், அந்தப் பங்கில் அக்காவின் கட்டடத்தைக் காட்ட வேண்டும்.

தரைத்தளத்தில் முதல் கதவைத் தட்டினேன். கையில் தோல் சீவாத இஞ்சியோடு ஓர் அம்மா திறந்தார். எழுபது வயதிருக்கும்.

"மெதுவாக் காட்டற பையனை அனுப்பறதா ஜோஷி சொன்னார். நீதானா?" என்று தமிழிலேயே கேட்டார்.

"ஆமாம்மா."

உள்ளே கூப்பிட்டு, மேஜைமேல் இருந்த மருந்துச் சீட்டுகளை ஒதுக்கி லேப்டாப்புக்கு இடம் செய்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். திறந்தேன். வாசல் வந்தது. லிப்ட் வந்தது. அவருடைய புது வீட்டின் கதவு வந்து, பாதி திறந்து, நின்றது.

"கொஞ்சம் நேரமாகும்மா" என்றேன்.

"ஆகட்டுமே" என்றார் அவர், பாதி திறந்த கதவுக்குள் தலையைச் சாய்த்துப் பார்த்தபடி.